சர்நேம் எங்கிருந்து வந்தது?

பிலிப்பைன்ஸின் அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் குடும்பப்பெயர்களில் பெரும்பாலானவை ஆங்கில 'ஆர்' எழுத்தில்தான் தொடங்கும். எல்லாரும் ஒரே வம்சமா என்றால், இல்லை. 1849 நவம்பர் 21 அன்று, அந்தத் தீவுகளை ஆண்ட ஸ்பானிய கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளாவெரியா ஓர் ஆணை பிறப்பித்தார். இனி ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான ஒரு குடும்பப்பெயர் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அவருடைய சிக்கல் என்னவென்றால், ஞானஸ்நானம் பெற்ற மக்கள் தமக்குப் பிடித்த பெயரைத் தாமே சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 'தே லா க்ரூஸ்', அதாவது சிலுவையைச் சேர்ந்தவர், என்று ஊருக்கு நூறு பேர். 'தே லோஸ் சாண்டோஸ்', புனிதர்களைச் சேர்ந்தவர், என்று இன்னொரு நூறு பேர். அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறொரு பெயர். யார் வரி கட்டினார், யார் கட்டவில்லை, யார் யாருக்குச் சொந்தம் என்று எந்தப் பதிவேட்டை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே ஏறத்தாழ 60,000 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலை அகரவரிசையில் அச்சடித்தார்கள். ஸ்பெயினில் வழங்கிய பெயர்களோடு உள்ளூர்ச் செடிகொடி, விலங்கு, இடப்பெயர்களும் அதில் இருந்தன. அந்தப் பட்டியலைத் தாள்தாளாகப் பிரித்து மாகாணங்களுக்கும், அங்கிருந்து ஊர்களுக்கும் அனுப்பினார்கள். ஊருக்கு எந்தத் தாள் வந்ததோ அதிலிருந்து குடும்பத்துக்கு ஒரு பெயர். 'ஆர்' தாள் கிடைத்த ஊரில் எல்லாருக்கும் 'ஆர்' பெயர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் புதிய பெயரால்தான் அழைக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்கும் கட்டளை போயிற்று.

இன்றைக்கு ஒரு பிலிப்பைன்ஸ்காரர் ஸ்பானியக் குடும்பப்பெயர் வைத்திருந்தால், பெரும்பாலும் அதற்கு முப்பாட்டன் ஸ்பெயினிலிருந்து வந்தார் என்று பொருள் இல்லை. ஊராட்சி மேசையில் ஒரு தாள் இருந்தது, அவ்வளவுதான்.

சர்நேம் என்றாலே ஏதோ ஆதிகாலத்து வம்சாவளி என்று நமக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. உலகின் பல பகுதிகளில் அதன் வயது 100 அல்லது 200 ஆண்டுதான். பெரும்பாலும் வரி வசூலிப்பவரும், படைக்கு ஆள் எடுப்பவரும், பதிவேடு எழுதுபவரும் கேட்டதால் பிறந்தது அது.

அடைமொழி வேறு, சர்நேம் வேறு

ஓர் ஊரில் நாலு முருகன் இருந்தால் ஊரார் என்ன செய்வார்கள்? 'கடைக்கார முருகன்', 'மேலத்தெரு முருகன்', 'கந்தசாமி மகன் முருகன்', 'நெட்டை முருகன்' என்று பிரித்துச் சொல்வார்கள். தொழில், இடம், தகப்பன், உருவம். உலகில் எங்கே போனாலும் பெரும்பாலும் இந்த நாலு வழிதான். ஆங்கிலேயர்களில் ஸ்மித் என்றால் கொல்லர், ஹில் என்றால் குன்றுப்பக்கத்தவர், ஜான்சன் என்றால் ஜான் மகன், ஷார்ட் என்றால் குள்ளர்.

ஆனால் இதெல்லாம் அடைமொழி. அந்த ஆளோடு முடிந்துபோகும். கடைக்கார முருகனின் மகன் பஸ் ஓட்டினால் அவனை யாரும் கடைக்காரன் என்று சொல்லப்போவதில்லை. பஸ் ஓட்டும் மகனையும், வக்கீலான பேத்தியையும் 'கடைக்காரன்' என்றே பதிவேட்டில் எழுதத் தொடங்கும்போதுதான் அது சர்நேம் ஆகிறது. பொருள் உதிர்ந்து, வெறும் அடையாளமாகப் பரம்பரைக்கு இறங்குவதுதான் அதன் இலக்கணம். இங்கிலாந்தில் 1066இல் நார்மன்கள் வந்த பிறகு, முதலில் நிலப்பிரபுக்களிடமும் அப்புறம் மெல்ல மெல்லச் சாதாரண மக்களிடமும் இந்த உறைதல் நடந்தது. ஏறத்தாழ 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களில் அது நிலைத்துவிட்டது.

கொல்லர் பெயர் மட்டும் ஏன் இவ்வளவு நாடுகளில் இருக்கிறது என்று யோசித்ததுண்டா? ஜெர்மானியரின் ஷ்மிட், இத்தாலியரின் ஃபெராரி, போலந்தின் கோவால்ஸ்கி, ரஷ்யாவின் குஸ்னெட்ஸோவ், ஹங்கேரியின் கோவாச், அரபு நாடுகளின் ஹத்தாத் எல்லாமே கொல்லர் பட்டறையிலிருந்து வந்தவைதான். கார் கம்பெனியின் பெயரும் அதில் அடக்கம். ஊரில் உழுகிறவர் நூறு பேர் இருப்பார். 'உழவர் முருகன்' என்றால் யாரையும் பிரித்துக்காட்டாது. கொல்லர் ஒருவரோ இருவரோதான். அடையாளம் சொல்ல அந்தத் தொழில் தோதாக இருந்தது.

நம்முடைய சங்கப் புலவர்களின் பெயர்களும் இதே அச்சில் வார்த்தவை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊர், தகப்பனின் தொழில், அப்புறம் பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. உறையூர் மருத்துவன் தாமோதரனார் வைத்தியர். ஜான்சனுக்கும் ஸ்மித்துக்கும் வேண்டிய கச்சாப்பொருள் முழுவதும் இங்கே இருந்தது. அது குடும்பத்தோடு ஒட்டிப் பரம்பரைப் பெயராக இறங்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

பழமையில் யாரும் சீனாவை மிஞ்ச முடியாது. அங்கே குடும்பப்பெயர் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழசு, பெயரின் முன்னால் வரும், கல்யாணமானாலும் பெண்கள் மாற்றிக்கொள்வதில்லை. வாங், லீ, ஜாங், லியூ, சென் ஆகிய ஐந்து மட்டுமே நாட்டின் மக்களில் 30 சதவீதத்துக்கும் மேல். கொரியாவில் இன்னும் நெருக்கடி. கிம், லீ, பார்க் மூன்றும் சேர்ந்தால் கிட்டத்தட்ட பாதி நாடு. அங்கே முன்காலத்தில் அடித்தட்டு மக்கள் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லாரும் பதிவு செய்தாக வேண்டும் என்று வந்தபோது, புதிதாகப் பெயர் எடுத்தவர்களில் பலர் மதிப்புள்ள குலப்பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள். யார்தான் வேறு மாதிரி செய்வார்கள்?

அரசு கொடுத்த பெயர்கள்

ஜப்பானில் சாமுராய்களுக்கும் பிரபுக்களுக்கும்தான் குடும்பப்பெயரை வெளிப்படையாகப் பயன்படுத்தும் உரிமை இருந்தது. 1870இல் எல்லாருக்கும் அனுமதி கொடுத்தார்கள். 1875இல் கட்டாயமாக்கினார்கள். நடுவில் 1873இல் கட்டாய ராணுவச் சேவை வந்திருந்தது. தானாகா என்றால் வயல் நடுவே, யாமாமோட்டோ என்றால் மலையடிவாரம். இப்படி நிலத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் அங்கே ஏராளம். கணவனும் மனைவியும் ஒரே குடும்பப்பெயரை வைத்திருக்க வேண்டும் என்று ஜப்பானியச் சட்டம் இன்றும் சொல்கிறது. ஏறத்தாழ 95 சதவீதத் தம்பதிகளில் விட்டுக்கொடுப்பது மனைவிதான். இதைத் தொன்றுதொட்டு வந்த மரபு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. 1876இல் அதே அரசு, மணமான பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தது. ஒரே பெயர் என்ற விதி 1898 சிவில் சட்டத்தோடு வந்தது. சக்கரவர்த்தியின் குடும்பத்துக்கு மட்டும் இன்றுவரை குடும்பப்பெயரே இல்லை. அவரை யாரும் வேறு யாரோடும் குழப்பிக்கொள்ளப்போவதில்லையே.

துருக்கியின் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே 1934 ஜூனில் சர்நேம் சட்டம் நிறைவேறியது. அதுவரை பெரும்பாலானவர்களுக்குச் சொந்தப் பெயரும், தகப்பன் பெயரும், பாஷா, பே, எஃபெந்தி போன்ற பட்டங்களும்தான். புதிய சட்டப்படி வீட்டின் தலைவர் ஒரு துருக்கியப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். பதவி, இனக்குழு, வேற்று நாட்டினரைக் குறிக்கும் பெயர்கள் கூடாது. ஆர்மேனியர்களின் 'யான்', கிரேக்கர்களின் 'புலோஸ்' போன்ற விகுதிகளை யாரும் புதிதாக எடுக்கக் கூடாது என்று விதிமுறையில் இருந்தது. எல்லாருக்கும் பெயர் கொடுத்த அதே சட்டம், யாரெல்லாம் தங்கள் அடையாளத்தைப் பெயரில் காட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டது. குர்துகளுக்கு இது இன்றும் ஆறாத மனக்குறை.

அந்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றம் அதிபர் முஸ்தஃபா கெமாலுக்கு 'அத்தாதுர்க்', துருக்கியரின் தந்தை, என்ற பெயரைத் தனிச் சட்டமாகவே இயற்றிக் கொடுத்தது. அதை வேறு யாரும் வைத்துக்கொள்ள முடியாது. அவருடைய தளபதி இஸ்மெத், 1921இல் தான் போரிட்ட இடத்தின் பெயரால் இனோனு ஆனார். அத்தாதுர்க் தன் வளர்ப்பு மகள் சபிஹாவுக்குக் 'கோக்சென்' என்று வானத்தைக் குறிக்கும் பெயரை வைத்தார். அப்போது அவர் விமானம் ஓட்டக் கற்றிருக்கவில்லை. அடுத்த ஆண்டு பறக்கக் கற்று, பின்னர் போர் விமானி ஆனார். இஸ்தான்புல்லின் இரண்டாவது விமான நிலையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

தாய்லாந்தில் 1913இல் மன்னர் வஜிராவுத் இதையே செய்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்தவர். அவர் தன் கையாலேயே 6,000க்கும் மேற்பட்ட குடும்பப்பெயர்களை உருவாக்கிக் கொடுத்தார். பலவற்றுக்கு மூலம் பாலியும் சமஸ்கிருதமும். உறவு இல்லாத இரண்டு குடும்பங்களுக்கு ஒரே பெயர் இருக்கக் கூடாது என்பது தாய்லாந்து விதி. பின்னால் குடியேறிய சீனக் குடும்பங்கள் பெயர் எடுக்கப் போனபோது சின்னப் பெயர்களெல்லாம் தீர்ந்துவிட்டன. அதனால்தான் தாய்லாந்துப் பெயர்கள் சில, ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகின்றன. முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ராவின் சீன வம்சாவளிக் குடும்பம் அந்தப் பெயரை எடுத்தது 1938இல்தான். சுவையான விஷயம், இவ்வளவு பாடுபட்டும் மக்கள் அதைப் பேச்சில் பயன்படுத்துவதே இல்லை. பிரதமரானாலும் 'தக்சின்'தான். வீட்டில் செல்லப்பெயர். அவர் தங்கை, அவரும் பிரதமராக இருந்தவர், யிங்லக்கின் செல்லப்பெயர் 'பூ'. அவர்கள் மொழியில் நண்டு.

அமெரிக்காவின் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களை வெட்டிச் சுருக்கி எழுதினார்கள் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அங்கே அதிகாரிகள் யாருக்கும் பெயர் எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் வந்தவர்களேதான். வேலைக்காக, அக்கம்பக்கத்தோடு ஒட்டுவதற்காக, குடியுரிமை வாங்கும்போது.

சர்நேம் இல்லாமலே நடக்கிறது

டென்மார்க்கில் முன்பெல்லாம் யென்ஸின் மகன் ஹான்ஸ், ஹான்ஸ் யென்சென். அந்த ஹான்ஸின் மகன் நீல்ஸ், நீல்ஸ் ஹான்சென். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1828இல் அரசு ஓர் ஆணை போட்டு, இனி மாறாத பெயர் வேண்டும் என்றது. நடைமுறைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் வந்த பிறகு யென்சென்னின் பேத்தியும் 'யென்ஸின் மகன்' ஆகிவிட்டாள்.

ஐஸ்லாந்து மட்டும் பழைய வழியிலேயே நின்றுவிட்டது. மகனுக்குத் தகப்பன் பெயரோடு 'சொன்', மகளுக்கு 'தோத்திர்'. 1980இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்தீஸ் ஃபின்போகதோத்திர், ஃபின்போகி என்பவரின் மகள். நாட்டு மக்களின் நேரடி வாக்கில் அதிபரான உலகின் முதல் பெண் அவர். அவரை மக்கள் விக்தீஸ் என்றுதான் அழைத்தார்கள், மரியாதைக் குறைவாக யாரும் நினைக்கவில்லை. அப்பா, அம்மா, மகன், மகள் நாலு பேருக்கும் நாலு விதமான கடைசிப் பெயர் இருக்கலாம். டெலிபோன் டைரக்டரியே சொந்தப் பெயரின் அகரவரிசையில்தான் இருந்தது. புதிதாகக் குடும்பப்பெயர் எடுத்துக்கொள்வதை 1925இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். துருக்கி கட்டாயப்படுத்துவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு.

பர்மாவில் தகப்பன் பெயரும் கட்டாயமில்லை. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட்டின் பெயர் வெறும் தாண்ட். 'ஊ' என்பது பெரியவர்களுக்கு முன்னால் வைக்கும் மரியாதைச் சொல், நம் 'திரு' மாதிரி. இந்தோனேசியாவின் சுகர்னோவுக்கும் ஒரே பெயர்தான். அவருக்கு முதல் பெயர் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'அகமது' என்று ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தன. எத்தியோப்பியாவின் அபி அகமதில் அகமது அவருடைய அப்பா. எனவே 'பிரதமர் அபி' என்பதுதான் முறை.

ஸ்பானிய உலகத்தில் ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர்: முதலில் அப்பா வழி, அப்புறம் அம்மா வழி. ஓவியர் பாப்லோ ரூயிஸ் பிகாஸோவுக்கு ரூயிஸ் அப்பா தந்தது. உலகம் அறிந்த பிகாஸோ அம்மா வீட்டுப் பெயர்.

சொந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது

சர்நேமில் அரசு இருந்தால், சொந்தப் பெயரில் வீடு இருக்கிறது. பிள்ளை பிறந்த நேரம், அதைப் பெற்றவர்களின் மனநிலை எல்லாம் அதில் தெரியும்.

கானா நாட்டின் அகான் மக்களிடம் பிறந்த கிழமையே பெயர். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. கோஃபி அன்னான் பிறந்த 1938 ஏப்ரல் 8 ஒரு வெள்ளிக்கிழமை. அன்னான் என்றால் நாலாவது பிள்ளை. பாலித் தீவில் பிறந்த வரிசை: வயான், மாதே, ஞோமான், கெதுத். ஐந்தாவது பிறந்தால் திரும்ப வயானிலிருந்து.

நைஜீரியாவின் யோருபா மக்களிடம் இரட்டையரில் முதலில் வருபவர் தைவோ, பின்னால் வருபவர் கெஹிந்தே. ஆனால் மூத்தவர் கெஹிந்தேதான். 'நீ போய் உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா' என்று தைவோவை முன்னால் அனுப்பியவர் அவராம். தாத்தா இறந்த பின் பிறக்கும் பையன் பாபாதுண்டே, 'அப்பா திரும்பி வந்துவிட்டார்'. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே யோருபாக்களிடம் துயரமான பெயர்களும் உண்டு. பிறக்கும் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், வந்துவந்து போவது ஒரே உயிர்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் கொசோகோ என்று வைப்பார்கள். 'மண்வெட்டி இல்லை' என்று பொருள். குழி தோண்ட எங்களிடம் எதுவும் இல்லை, இந்த முறை போகாதே என்று சொல்வது. 19ஆம் நூற்றாண்டில் லாகோஸை ஆண்ட மன்னர் ஒருவருக்கே அந்தப் பெயர். நம் ஊரில் அதே துக்கம் வேறு வழியில் பேசியது. பிறந்ததும் குப்பையில் போட்டு எடுத்து, குப்பன், குப்பம்மாள் என்றார்கள். பிச்சை கேட்டு வாங்கிய பிள்ளை போலப் பிச்சை என்றார்கள். மதிப்பில்லாத பொருளை எமன் எடுக்கமாட்டான் என்று ஒரு கணக்கு. சீனக் கிராமங்களில் 'நாய் மிச்சம் வைத்தது' என்று பொருள்படும் செல்லப்பெயர் வைத்ததும் இதே கணக்கில்தான். இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு, அதை வைத்த தாய் அதற்கு முன் எத்தனை பிள்ளைகளைப் புதைத்தாள் என்று தெரியாது.

நம் இனிஷியலும் வெளிநாட்டுக் கட்டங்களும்

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் சர்நேமுக்கு அருகே நின்றது சாதிப் பட்டம்தான். பெயருக்குப் பின்னால் பிள்ளை, முதலியார், ஐயர், நாடார் என்று எழுதுவது சாதாரணம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அரசு சட்டம் போட்டுப் பெயர் கொடுத்த கதைகளுக்கு நடுவே, ஓர் இயக்கம் சொல்லி ஒரு சமூகம் பெயரின் வாலை வெட்டிக்கொண்டது அரிதான விஷயம். மிச்சம் இருந்தது தகப்பன் பெயரின் முதல் எழுத்து. நம் இனிஷியல் ஐஸ்லாந்தின் 'சொன்', 'தோத்திர்' செய்யும் வேலையைத்தான் செய்கிறது. மலேசியத் தமிழர்கள் அதையே விரித்து, நடுவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று எழுதுகிறார்கள். அனாக் லெலாகி, அனாக் பெரெம்புவான், அதாவது மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்.

வெளிநாடு போனதும் இது குழம்பும். செஸ் ஆட்டக்காரர் ஆனந்தை உலகம் 'விஷி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறது. விஸ்வநாதன் அவருடைய அப்பா பெயர். கணித மேதை ராமானுஜனுக்கு முன்னால் வரும் ஸ்ரீனிவாசவும் அப்படித்தான். வெண்குறுமீன் எனப்படும் எரிந்து தீர்ந்த விண்மீன்களின் நிறைக்கு எல்லை கண்ட சந்திரசேகரின் சொந்தப் பெயர், மேற்கே போய் அவருக்கே சர்நேம் ஆகிவிட்டது, சுப்பிரமணியன் அப்பா.

இன்றைய சிக்கல் இன்னும் நடைமுறை சார்ந்தது. இந்திய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடலாம். ஆனால் அமெரிக்க விசாவில் அந்தக் கட்டம் காலியாக இருக்க முடியாது. உங்கள் ஒரே பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்என்யு' என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்புறம் வங்கி, டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றிலும் 'எஃப்என்யு செந்தில்' என்று சுற்ற வேண்டியதுதான். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது.

அதனால் இப்போது பல வீடுகளில் அப்பாவின் சொந்தப் பெயரையே பிள்ளைக்குச் சர்நேமாகப் போட்டுவிடுகிறார்கள். சரியான ஏற்பாடுதான், ஒரு விஷயம் தெரிந்து செய்தால். அந்தப் பிள்ளை வெளிநாட்டில் வளர்ந்து, அதே பெயரைத் தன் பிள்ளைக்கும் சர்நேமாகக் கொடுத்தால், டென்மார்க்கில் யென்ஸுக்கு நடந்தது இங்கே உங்களுக்கு நடக்கிறது: உங்கள் பெயர் உறைந்துவிட்டது. அது வேண்டாம், தலைமுறைக்கு ஒரு பெயர் மாறட்டும் என்றால், ஐஸ்லாந்துக்காரர்கள் போலத் தாத்தா, அப்பா, பிள்ளை மூவரின் கடைசிப் பெயரும் வேறாக இருக்கும். உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டில் எதை எடுத்தாலும், பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் அதே பெயர், அதே வரிசை, அதே எழுத்து இருக்கும்படி முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் திருத்தப் போனால் அலைச்சல் அதிகம்.